பூச்சும் மேனியும்

விருத்தாசலம் என்றவுடன் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருவன மூன்று: பழமலைநாதர் கோயில், நாற்புறமும் வண்டி பிரியும் இரயில் சந்திப்பு, பீங்கான். முதலிரண்டையும் பற்றி எழுத வல்லார் பலர் உளர். மூன்றாவதைப் பற்றி எழுத நமக்குள்ள உரிமை ஒன்றே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பீங்கான் சரக்கை வாங்கி, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, ஊர் ஊராய் அனுப்பிப் பிழைத்தவர் நாம். களிமண்ணைக் கையால் பிசைந்தவர் அல்லோம். ஆயினும் கீறலும் சில்லுமாய்த் திரும்பி வந்த சரக்குக்கு விலை கொடுத்தவர். எது ஏன் உடைந்தது என்று கேட்டுக் கேட்டே இத்தொழிலின் உள்விவகாரம் நமக்கு ஓரளவு பிடிபட்டது.

சென்ற ஆண்டு நம் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. தங்கையின் மகன் இவ்வூர் அரசினர் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் பட்டயம் பெற்ற பிள்ளை. அவன், தேய்ந்த இரும்புப் பொருள்களின் மேல் உருகிய உலோகத்தையும் பீங்கானையும் தெளித்துப் பூசும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்க வேண்டும் என்றான். வெப்பத் தெளிப்பு என்பது அத்தொழிலின் பெயர். முதல் வேண்டும், முதலுக்குத் தங்கையின் நகைகளைத் தவிர வேறு வழியில்லை. மச்சான் மவுத்தாகிப் பத்தாண்டுகள் ஆன வீட்டில் அந்நகைகள் வெறும் நகைகள் அல்ல என்பதை நம் இல்லத்துப் பெண்மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

"அண்ணே, பீங்கான் படிக்க வச்சோம். இப்ப இரும்புக்குப் பூச்சு அடிக்கப் போறேங்குறான். படிச்சது வீணாத்தானே போகுது? துபாய்ல கடையில வேலை இருக்குன்னு ஆள் சொல்லியிருக்கு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்" என்றாள் தங்கை.

படித்தது வீணா என்னும் அக்கேள்விக்கு விடை காண நமக்கு ஒரு மாதம் பிடித்தது. கண்ட விடையையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விருத்தாசலத்துக்குப் பீங்கான் வந்தது நெய்வேலியால். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ல் அமைந்து, பூமியைத் திறந்து கரியை எடுக்கப் புகுந்தபோது, கரிக்கு மேலே கிடந்த மண் அடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைத்தது. முப்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் இவ்வளவு மண் கிடைக்கும்போது அதனை வீணாக்குவானேன் என்று, 1960களில் அரசினர் இங்கே பீங்கான் தொழிற்பேட்டை அமைத்தனர். சிறு முதலாளிகள் கொட்டகை போட்டனர். ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, கொலுப் பொம்மை, மின்கம்பத்துக்கு வேண்டிய இன்சுலேட்டர், வீட்டு மின்பலகையில் செருகும் ப்யூஸ் கட்டை என்று சரக்குகள் வெளிவந்தன. வீடுதோறும் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்த அந்த ப்யூஸ் கட்டைகளை நாம் எத்தனை ஆயிரம் விற்றிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

அதே நெய்வேலிச் சுரங்கத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. கரியின் மேல் கிடந்தது களிமண் மட்டுமன்று. கடலூர் மணற்பாறை என்று நிலவியலார் பெயரிட்ட கடினமான பாறையும் கிடந்தது. மண்ணை வாரி எறிய ஜெர்மனியிலிருந்து வந்த மாபெரும் சக்கர இயந்திரங்களின் எஃகுப் பற்கள் அம்மணற்பாறையில் மோதி, எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் தேய்ந்தன. தேய்ந்த பல்லைத் தூக்கி எறிந்து புதுப்பல் மாட்டிக்கொண்டே இருந்தால் எந்த நிறுவனம் தாங்கும்? பல்லின் முகத்தில் மட்டும் மிகக் கடினமான உலோகத்தைப் பற்றவைத்து ஏற்றும் முறையை அங்கே கையாண்டனர். ஒரே குழி நமக்குக் கோப்பை செய்ய மண்ணையும் கொடுத்தது. இரும்புக்கு மேற்பூச்சு வேண்டும் என்னும் பாடத்தையும் கொடுத்தது. இரண்டும் ஒரே கல்வியின் இரு பகுதிகள் என்பது நமக்கு அப்போது தோன்றவில்லை. மருமகன் சொன்ன பிறகே தோன்றிற்று.

கடைக்கு வருபவர் ஜாடியைக் கையில் எடுத்தால் இரண்டு காரியம் செய்வார். விரலால் சுண்டி ஓசை கேட்பார். பிறகு உள்ளங்கையால் அதன் வழவழப்பைத் தடவிப் பார்ப்பார். ஓசை மேனியைச் சொல்வது. வழவழப்பு பூச்சைச் சொல்வது. களிமண்ணோடு வெண்கற்பொடியும் பெல்ஸ்பார் என்னும் கல்லின் பொடியும் கலந்து, கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, உலர்த்தி, ஒருமுறை சுட்டெடுத்தால் வருவது மேனி. அது சுரசுரப்பாயிருக்கும், தண்ணீரைக் குடிக்கும். அதனைக் கண்ணாடிக்குரிய பொடிகள் கரைந்த பாலில் முக்கி எடுத்து, அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு, மறுபடியும் சூளையில் அடுக்குவர். அடியைத் துடையாவிட்டால் சூளைத்தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆயிரத்திருநூறு டிகிரி சென்டிகிரேட் அளவில் பூச்சு உருகி மேனியின் துளைகளுக்குள் இறங்கி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எது மேனி எது பூச்சு என்று பிரிக்கவொண்ணாத ஓர் இடைப்படலம் உண்டாகிறது.

உருகும்போது எல்லாம் ஒற்றுமைதான். வழக்கு எழுவது ஆறும்போது. சூடான பொருள் ஆறினால் சுருங்கும். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. பூச்சு மேனியைவிட அதிகமாகச் சுருங்கினால், சிறுத்த சட்டையைப் போட்ட பிள்ளையின் கதைதான். எங்கும் இழுபட்டு வலைபின்னியதுபோல் மயிர்க்கீறல் விழும். அக்கீறல் வழியே ஊறுகாயின் எண்ணெயும் புளிப்பும் உள்ளே இறங்கி ஜாடியைக் கறைப்படுத்தும். மாறாகப் பூச்சு மிகக் குறைவாகச் சுருங்கி, மேனி அதனை நெருக்கித் தள்ளினால், விளிம்புகளில் சில்லுச் சில்லாய்ப் பெயர்ந்து விழும். நல்ல பூச்சு என்பது மேனியைவிடச் சிறிதளவே, மிகச் சிறிதளவே, குறைவாகச் சுருங்குவது. அப்போது மேனி பூச்சை இலேசாக அணைத்துப் பிடித்திருக்கும். பாத்திரத்தின் வலிமையும் கூடும். தொழிற்பேட்டையில் நெடுநாள் சூளை வேலை பார்த்த பெரியவர் ஒருவர், திரும்பி வந்த சரக்கைக் கையில் உருட்டிப் பார்த்து, "பாய், இது பூச்சோட குத்தமும் இல்ல, மண்ணோட குத்தமும் இல்ல. ரெண்டுக்கும் ஒத்துப்போகல" என்று நம்மிடம் சொன்னார். நட்டம் நமக்கு வந்த நாளாதலின் அச்சொல் அன்று சுவைக்கவில்லை.

பூச்சு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ரமலானுக்கு முன்னே பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சிச் செம்பு அண்டாக்களுக்கு ஈயம் பூசும் காட்சியை மூத்த வாசகர்கள் கண்டிருப்பர். அண்டாவுக்குள் ஓர் ஆள் இறங்கி, மணலையும் கந்தலையும் காலடியில் போட்டு, இடுப்பைத் திருகித் திருகி நின்ற நிலையிலேயே துலக்குவார். பிறகு துருத்தி ஊதிய நெருப்பின் மேல் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, வெள்ளீயக் கட்டியால் ஓர் இழுப்பு. அடுத்த நொடி பஞ்சால் ஒரு துடைப்பு. நிலா உதித்ததுபோல் வெண்மை பரவும். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில். நவச்சாரத்தின் பணி செம்பின் மேலுள்ள மாசுப் படலத்தைப் புகையாய் ஓட்டுவது. மாசு போன இடத்தில்தான் ஈயம் செம்பைப் பற்றும். போகாத இடத்தில் முத்து முத்தாய் உருண்டோடிவிடும்.

இவ்வேலைக்கு நாம் வழங்கும் 'கலாய்' என்னும் சொல்லின் வரலாறும் சுவையானது. அரபு மொழியில் வெள்ளீயத்துக்குக் 'கலஈ' என்று பெயர். அராபிய மாலுமிகள் ஈயம் ஏற்றிவந்த 'கலா' என்னும் கீழ்த்திசைத் துறைமுகத்தால் அப்பெயர் வந்தது என்பர். அத்துறை மலேயாக் கரையின் கடாரமே என்று கருதும் அறிஞர் பலர். கப்பலில் வந்த உலோகம் தன் ஊர்ப்பெயரையும் சுமந்துகொண்டு நம் அடுப்படிவரை வந்துவிட்டது!

அந்த ஈயத்துக்கு இன்னொரு பெரும் பணியும் காத்திருந்தது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனத்து வெண்பீங்கான் கடல்வழியே அப்பாசியர் நாட்டுக்கு வந்து எல்லாரையும் மயக்கியது. பஸ்ராவின் குயவர்களிடம் சீனத்தின் வெள்ளை மண் இல்லை. அவர்கள் மண் மஞ்சள் பாய்ந்தது. அவர்கள் செய்ததென்ன? கண்ணாடிப் பூச்சில் வெள்ளீயச் சாம்பலைக் கலந்தனர். பூச்சு பால்போல் வெளுத்து, உள்ளிருந்த மஞ்சளை மறைத்தது. அவ்வெண்மையின் மேல் நீலம் தீட்டினர். பின்னர்ப் பொன்போல் மின்னும் மெருகையும் கண்டனர். இக்கலை கிழக்கே ஈரானின் காஷான் நகரில் ஓங்கி, மேற்கே ஸ்பெயின் சென்று, அங்கிருந்து இத்தாலியை அடைந்தது. காஷானின் புகழ்பெற்ற குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காஸிம் என்பார் 1301ஆம் ஆண்டில் இத்தொழிலின் பொருள்களையும் பக்குவங்களையும் ஒரு நூலில் எழுதிவைத்தார். அவர் மங்கோலிய அரசவையில் வரலாற்றாசிரியராய் இருந்தவர். மண் பிசையும் வீட்டுப் பிள்ளை எழுத்தாளரானபோது வீட்டுத் தொழிலை மறவாது எழுதினார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. இல்லாத வெண்மையை மேற்பூச்சால் வருவித்தது ஏமாற்று வேலை என்று எவரும் சொல்லார். உடலுக்கு எளிய மண், முகத்துக்கு அரிய பொருள் என்று பங்கிட்டுக் கொடுத்த அறிவு அது. வெப்பத் தெளிப்பும் அதே பங்கீடுதான் என்றான் மருமகன்.

அவன் அத்தொழிலுக்குப் போன காரணம் எளிது. விருத்தாசலத்தில் அவன் படிப்புக்கேற்ற வேலை சுருங்கிக்கொண்டு வந்தது. மோர்பியின் ஓடுகளும் குர்ஜாவின் கோப்பைகளும் தெற்கே வந்து குவிந்தன. ஊறுகாய் பிளாஸ்டிக் புட்டிக்கு மாறிற்று. வீடுகளில் ப்யூஸ் கட்டை இருந்த இடத்தில் தானே விழும் விசைகள் வந்தன. ஒரு கருவி மாறினால் ஒரு தெருவின் அடுப்பே அணையும் என்பதைக் கண்ணால் கண்டோம். பையன் சென்னைப் பக்கத்துத் தெளிப்புப் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். அலுமினா, சிர்க்கோனியா என்று அவன் பயிலகத்தில் படித்த பீங்கான் பொடிகளே அங்கே இரும்பின் மேல் ஏறின.

இத்தொழிலின் மூலவர் ஸ்விட்சர்லாந்தின் ஸூரிக் நகரத்து மாக்ஸ் ஊல்ரிக் ஷூப் என்பவர். பிள்ளைகள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட ஈயக்குண்டுகள் சுவரில் மோதித் தட்டையாகி ஒட்டிக்கொண்டதைக் கண்டு இவ்வெண்ணம் அவருக்கு உதித்தது என்று ஒரு கதை சொல்வர். கதை எப்படியாயினும், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலோகத்தை உருக்கிக் காற்றால் தெளிக்கும் கருவியை அவர் உருவாக்கினார் என்பது மெய். ஆக்ஸிஜனும் அசிட்டிலீனும் எரியும் சுவாலையில், ஏறத்தாழ மூவாயிரம் டிகிரியில், கம்பியோ பொடியோ உருகும். வேகமான காற்று அதனைத் துளித்துளியாய்ச் சிதறடித்து இரும்பின் மேல் வீசும். 1950களில் பிளாஸ்மா முறை வந்தது. மின்வில்லின் ஊடே வாயுவைச் செலுத்திப் பதினாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தை உண்டாக்குவது அது. ஈராயிரத்தைந்நூறு டிகிரியிலும் உருகாத சிர்க்கோனியாவும் அதில் உருகும். 1980களில் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து வேகத்தைக் கூட்டும் முறை வந்தது. அதில் பொடித் துகள்கள் ஒலியின் வேகத்தையும் விஞ்சிப் பாய்கின்றன.

நாட்டுப்புறத்தில் வறட்டி தட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். சாண உருண்டையைச் சுவரில் அடித்தால் அது பரந்து தட்டையாகி அங்கேயே பிடிக்கிறது. அடுத்தது அதன் ஓரத்தின் மேல் விழுகிறது. தெளிப்பிலும் அப்படியே, ஆனால் உருண்டை என்பது தலைமயிரின் தடிமனுக்கும் குறைந்த துகள், பரந்து உறைவதற்குப் பிடிக்கும் நேரம் ஒரு நொடியின் இலட்சத்தில் சில பங்கே. இப்படிக் கோடானுகோடி வறட்டிகள் மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, அரை மில்லிமீட்டருக்கு உட்பட்ட பூச்சாகின்றன. இதில் நம்மை வியப்பிலாழ்த்தியது வேறு. இத்தனை ஆயிரம் டிகிரி நெருப்பு வீசியும், அடியிலிருக்கும் இரும்பு பெரும்பாலும் கொதிக்கும் நீரினும் சற்றே கூடுதலான சூட்டோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு துளியும் மிகச் சிறியது. தன் சூட்டைக் கொடுத்துவிட்டு உடனே ஆறிவிடுகிறது. ஆகவே இரும்பு வளைவதுமில்லை, தன் பதத்தை இழப்பதுமில்லை.

ஆனால் இதே காரணத்தால் ஒரு குறையும் உண்டு. கலாயில் ஈயம் செம்போடு கலந்து பிணைகிறது. சூளையில் பூச்சும் மேனியும் சேர்ந்து சுடப்பட்டுப் பிணைகின்றன. தெளிப்பிலோ அடியிலிருப்பது உருகுவதில்லை. பூச்சு பெரும்பாலும் சுரசுரப்பைக் கவ்விக்கொண்டுதான் நிற்கிறது. வழுக்கும் சுவரில் வறட்டி நிற்குமா? எனவே தெளிப்பதற்கு முன், கூரிய முனைகளுள்ள அலுமினாக் குருணையை அழுத்தக் காற்றால் வீசி இரும்பின் முகத்தைக் கொத்தவேண்டும். கொத்திய முகம் பச்சைப் புண்போன்றது. காற்றிலுள்ள ஈரம் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துரு படரும். நான்கு மணி நேரத்துக்குள், ஈரக்காற்று வீசும் இடத்தில் அதற்கும் முன்பே, தெளித்துவிட வேண்டும் என்பது இத்தொழிலில் வழங்கும் விதி.

பையன் வேலையை விட்டு வந்தது இந்த விதியால்தான். ஒரு மழைநாள் மாலையில் ஆலை ஒன்றின் பெரிய பம்புத் தண்டைக் கொத்தி வைத்திருந்தனர். மின்சாரம் நின்றது. மறுநாள் காலையில் அப்படியே தெளிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். மறுபடி கொத்த வேண்டும் என்றான் இவன். சரக்கு நண்பகலில் போயாக வேண்டும் என்றார் அவர். "நீங்க தெளிச்சுக்கங்க சார், என் கையால வேண்டாம்" என்று துப்பாக்கியைக் கீழே வைத்தான். வேறொருவர் தெளித்தார். தண்டு பளபளவென்று போயிற்று. மூன்றாம் வாரம் பூச்சு வாழைமடல்போல் உரிந்து திரும்பி வந்தது. அப்போது அவன் அங்கில்லை. மறுபடி கொத்தும் நேரம் ஒரு மணிகூட இராது. அந்நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா; அவசரம் எல்லாப் பட்டறைக்கும் பொது.

இதைச் சொன்னபோது தங்கை, "மூணு வாரம் வாய மூடிட்டு இருந்திருந்தா சம்பளம் வந்திருக்கும்" என்றாள். தாய்க்கு அப்படித் தோன்றுவது இயல்பே. நமக்கோ அண்டாவில் தூவிய நவச்சாரம் நினைவுக்கு வந்தது.

பின்னர் அவன் ஒவ்வொன்றாய்க் காட்ட, இப்பூச்சு எங்கெல்லாம் உள்ளது என்பதை அறிந்தோம். விமான எஞ்சினில் சுழலும் இலைகளின் மேல் சிர்க்கோனியா தெளிக்கிறார்கள். அது வெப்பத்தைத் தடுத்து உலோகத்தின் சூட்டை நூறு டிகிரிக்கு மேலும் குறைக்கிறது. அங்கும் அதே சுருக்க வழக்கு! பீங்கான் ஓரளவும் உலோகம் ஓரளவும் சுருங்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே நிக்கல், குரோமியம், அலுமினியம் முதலியன கலந்த இணைப்புப் பூச்சு ஒன்றை முதலில் தெளிக்கின்றனர். சண்டையிடும் இரு வீட்டாருக்கு நடுவே பேசத் தெரிந்த ஒரு பெரியவரை அமர்த்துவது போன்றது இது. மயிர்க்கீறலையும் சில்லுப் பெயர்தலையும் பற்றி விருத்தாசலத்தில் படித்த பையனுக்கு இது புதுப்பாடமாய் இருந்திராது என்பது இப்போது நமக்கு விளங்கிற்று. தங்கையின் கேள்விக்குரிய விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்ட முதியோர் இன்று நம் குடும்பங்களிலும் உள்ளனர். அச்செயற்கை மூட்டுகளில் ஒருவகைக்கு, டைட்டானியத் தண்டின் மேல் எலும்பிலுள்ள சுண்ணப்பொருளையே பிளாஸ்மாவால் தெளிக்கும் வழக்கம் 1980களின் நடுப்பகுதி முதல் உள்ளது. உடலின் எலும்பு அதனைத் தன் இனம் என்று கண்டு அணைத்து வளர்கிறது. இதைக் கேட்டு நம் வீட்டு நன்னி, "எலும்பையே ஏமாத்துறாங்களா?" என்று சிரித்தார்.

பாம்பன் பாலத்தை அறியாத வாசகர் இலர். 1914ல் திறந்த பழைய பாலம், 2022ன் இறுதியில் இரயில் நிறுத்தப்படும்வரை, இரும்பைத் தின்னும் உப்புக்காற்றோடு போராடியது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உப்புக்காற்றில் நிற்கும் பாலங்களின் இரும்புக்கு அலுமினியமோ துத்தநாகமோ தெளிப்பது இரயில்வேயில் நெடுநாளைய வழக்கம். துத்தநாகத்தின் குணம் விந்தையானது. பூச்சில் கீறல் விழுந்தால், இரும்பு அரிக்கப்படுவதற்கு முன் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

இனி, ஒரு பூச்சு மற்றொன்றின் தீமையை நீக்குவதும் உண்டு. இயந்திரத் தண்டுகளுக்குக் கடினமான குரோமிய முலாம் இடுவது பழைய வழக்கம். முலாம் தொட்டியிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. இராணிப்பேட்டையில் குரோமியக் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்த கொடுமையை வட ஆர்க்காட்டுச் சகோதரர்கள் நன்கறிவர். விமானச் சக்கரங்களைத் தாங்கும் கால்களில் அம்முலாமுக்குப் பதிலாக டங்ஸ்டன் கார்பைடை வேகத் தெளிப்பால் ஏற்றும் முறை பரவியுள்ளது. இதனால் தெளிப்புத் தொழில் தீங்கற்றது என்று எண்ணிவிடலாகாது. உலோகப் புகை நுரையீரலைத் தாக்கும். ஓசை செவியைக் கெடுக்கும். வில்லொளி கண்ணை எரிக்கும். முகமூடியும் காற்றை இழுக்கும் விசிறியும் இன்றி இத்தொழிலைத் தொடங்குவதாயின் ஒரு பவுன்கூடக் கிடைக்காது என்று நாம் கண்டிப்பாகச் சொன்னோம். "அது இல்லாம நானே உள்ள போகமாட்டேன் மாமு" என்றான்.

விமானமும் பாலமும் கேட்க இனிமைதான். விருத்தாசலத்தில் யார் விமானம் கொண்டுவரப் போகிறார்கள் என்பதே வாணிபனாகிய நம் கேள்வி. அவன் பேசாமல் நம்மை ஒரு வாரம் ஊர் சுற்றச் செய்தான். நெல் அரவை ஆலைகள், சர்க்கரை ஆலைகள், முந்திரித் தோப்புகளின் ஆழ்குழாய்ப் பம்புகள், கரும்புச் சாறு பிழியும் கடைகள் ஆகிய எங்கும் ஒரே நோய். பேரிங் அமரும் இடத்தில் தண்டு தேய்ந்து, பேரிங் ஆடுகிறது. புதுத் தண்டு வாங்கப் பணம் வேண்டும், நாள் வேண்டும். மற்றொரு வழி வெல்டிங் வைத்துக் கடைவது. அதில் நீண்ட தண்டு சூட்டினால் வளைந்துவிடும். தெளிப்பிலோ, தேய்ந்த இடத்தைக் கடைசலில் சிறிது குறைத்து, கொத்தி, ஈரம் போக இளஞ்சூடு காட்டி, நிக்கல்–அலுமினிய இணைப்புப் பூச்சிட்டு, அதன் மேல் குரோமிய எஃகுக் கம்பியைத் தெளித்து ஏற்றி, மறுபடி கடைந்து பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். தண்டு நேராகவே இருக்கும். உழவர் மறுநாளே பம்பை ஓட்டலாம்.

கணக்குப் போட்டோம். பிளாஸ்மாவும் வேகத் தெளிப்பும் நம் கைக்கு எட்டாதவை. சுவாலையில் கம்பியை உருக்கித் தெளிக்கும் எளிய துப்பாக்கி, ஒரு காற்றழுத்தி, குருணை வீசும் பெட்டி, பழைய கடைசல் இயந்திரம் ஒன்று: இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். நகைகளில் பாதியை வைத்தால் அடங்கும் என்று வந்தது. மறுபாதியைத் தொடக்கூடாது என்பதும், இரண்டாண்டில் கூலிக்கு மேல் மிஞ்சாவிட்டால் இயந்திரங்களை விற்றுவிட வேண்டும் என்பதும் நம் நிபந்தனைகள். தங்கையிடம் சொன்னோம்: "படிச்சது வீணாகல. மண்ணுக்குப் பூசக் கத்துக்கிட்டான். இரும்புக்குப் பூசப் போறான். ஒட்டுமா ஒட்டாதான்னு பார்க்கிற கண்ணு ரெண்டுக்கும் ஒண்ணுதான்." அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

மூடிக்கிடந்த பீங்கான் கொட்டகை ஒன்றையே வாடகைக்குப் பிடித்தான். உடைந்த அச்சுகளை வெளியே அள்ளிப் போட்டபோது நமக்கு மனம் கசியாமலில்லை. சூளையைமட்டும் இடிக்க வேண்டாம் என்று கொட்டகைக்காரர் கேட்டுக்கொண்டார். அது ஒரு மூலையில் நிற்கிறது. அதன் உள்ளே இப்போது கம்பிச் சுருள்களை ஈரம் படாமல் வைத்திருக்கிறான்.

இதை எழுதும்போது எட்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதம் கம்பிக்கும் வாயுவுக்குமே வருவாய் போயிற்று. இப்போது வாரத்துக்கு ஏழெட்டுத் தண்டுகள் வருகின்றன. பெருவாழ்வு என்று சொல்ல மாட்டோம். வாடகை, ஓர் உதவியாளனின் கூலி, தங்கை வீட்டுச் செலவு ஆகியவை அடங்குகின்றன. வைத்த நகை இன்னும் மீளவில்லை.

போன வாரம் கடைக்குப் போகும் வழியில் கொட்டகையில் நுழைந்தோம். கரும்பு பிழியும் இயந்திரத்தின் பற்சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்திருந்தார். பல் ஒன்று முனை முறிந்திருந்தது. தெளித்து நிரப்பித் தரவேண்டும் என்றார். கேட்ட தொகையைத் தருவதாகவும் சொன்னார். மருமகன் சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, தேஞ்சதுக்குத்தான் இது. முறிஞ்சதுக்கு ஆகாது. பல்லு மேல பல்லு இடிக்கிற இடத்துல என் பூச்சு ஒரு நாள்கூட நிக்காது. வெல்டிங் வைக்கிற இடத்துக்குக் கொண்டு போங்க" என்று சொல்லி, எந்தத் தெருவில் யார் நன்றாக வைப்பார் என்பதையும் சொன்னான். அவர் முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தை மிதிவண்டியில் கட்டினார். உதவியாளன் காலையில் கொத்தி வைத்த தண்டை எடுத்து வந்தான். மருமகன் சுவர்க்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டான்.